களுவாஞ்சிக்குடியில் பிசியோ கிளினிக் திறக்கிறேன், ஆக்கள் எப்படி வருவார்கள்?

தங்கச்சியின் கேள்வி சுருக்கமாக இதுதான்: பேராதனையில் பிசியோதெரபி பட்டம் முடித்தாயிற்று, இலங்கை மருத்துவ சபையின் பதிவும் கையில் இருக்கிறது, அரச நியமனம் எப்போது வருமென்று தெரியாது, அதனால் களுவாஞ்சிக்குடியில் வீட்டு முன்னறையைக் கிளினிக்காக மாற்றிக்கொண்டிருக்கிறார். கட்டில், மெஷின் எல்லாம் வாங்கியது போக 50,000 ரூபாய் மிச்சம். அதை அப்படியே பேஸ்புக் விளம்பரத்துக்குப் போடலாமா, வேறு வழி இருக்கிறதா, கல்முனையில் ஒரு சனலிங் சென்டரில் சனிக்கிழமை அறை தருகிறார்கள், அதையும் எடுப்பதா என்று கேட்கிறார்.

முழுத்தொகையையும் பேஸ்புக்கில் போட வேண்டாம், தங்கச்சி. ஒரு பத்தாயிரத்தை அதற்கென்று ஒதுக்குங்கள், அதையும் திறந்து மூன்று மாதம் போனபிறகு எடுத்தால் போதும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நம்முடைய பக்கத்தில் பிசியோவுக்கு ஆள் எப்படி வந்து சேருகிறது என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஐயாவுக்குப் பாரிசவாதம். ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொண்டு போகிறார்கள், சில நாள் வாட்டில் வைத்திருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள்தான் மகளுக்குப் புரிகிறது, இவரைத் தூக்கி இருத்துவதற்கே இரண்டு பேர் வேண்டும் என்று. அப்போது அவள் பேஸ்புக்கைத் திறப்பதில்லை. மருந்து எடுக்கப் போன பார்மசியில் கேட்பாள், பக்கத்து வீட்டுத் தாதி அக்காவிடம் கேட்பாள், வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவிக்குப் போன் எடுப்பாள்: "ஆரும் வீட்ட வந்து பயிற்சி குடுக்கிற ஆக்கள் இருக்காங்களா?" அந்த நேரத்தில் எதிரே நிற்பவர் வாயில் வருகிற பெயர் எதுவோ, அந்தப் பிசியோவுக்கு வேலை.

ஆகவே உங்களுக்குச் சந்தை என்று சொன்னால் அது இப்படிக் கேட்கப்படுகிற ஆட்கள்தான். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லாறு வரைக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் போரதீவு, வெல்லாவெளி வரைக்கும் எடுத்தாலும் நாற்பது ஐம்பது பேரைத் தாண்டாது என்பது என்னுடைய கணிப்பு. மாலையில் தனியாகப் பார்க்கிற வைத்தியர்கள், பார்மசிக்காரர்கள், வாட்டிலும் கிளினிக்கிலும் நிற்கிற தாதிமார், குடும்பநல உத்தியோகத்தர்கள், ஓட்டோக்காரர்கள், முதியோர் சங்கச் செயலாளர்கள், அப்புறம் உங்களிடம் ஏற்கனவே குணமான ஆட்கள். இவர்கள் ஒருவரை உங்களிடம் அனுப்புவதற்கு எது தடையாக இருக்கும் என்று பார்த்து அதை எடுத்துவிடுவதுதான் உங்களுடைய முதல் ஆறு மாத வேலை.

வைத்தியர்களில் இருந்து தொடங்குவோம். புது பிசியோக்கள் வழமையாகச் செய்வது, நூறு விசிட்டிங் கார்ட் அடித்து, ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் ஒரு கட்டுக் கொடுத்துவிட்டு வருவது. அந்தக் கார்ட் லாச்சிக்குள் போய்விடும். வைத்தியருக்கு உள்ள பயம் வேறு: தான் அனுப்பிய ஆளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது, ஏதும் பிழைத்தால் பேச்சு தனக்கு. அந்தப் பயத்தைப் போக்குவது ஒரு கடிதம். அவர் அனுப்பியிருந்தாலும் சரி, நோயாளி தானாக வந்து "நான் அந்த டொக்டரிட்டதான் மருந்து எடுக்கிறன்" என்று சொன்னாலும் சரி, நோயாளியிடம் கேட்டுக்கொண்டு, அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி அவர் கையிலேயே கொடுத்து விடுங்கள். இங்கிலிஷில்தான் எழுதுவீர்கள், விஷயம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"58 வயதுப் பெண், சீனி வருத்தம் உள்ளவர், வலது தோள் இறுக்கம். முதல் நாள் கையை முன்பக்கமாக 90 பாகை வரைதான் உயர்த்தினார். ஆறு தடவை வந்தபின் 130 பாகை. இரவில் இப்போது தூங்குகிறார். வீட்டுப் பயிற்சி கொடுத்திருக்கிறேன், இன்னும் நான்கு வாரம் பார்க்க எண்ணம். சீனி அளவை ஒருமுறை பார்த்தால் நல்லது."

பாருங்கள், அதில் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. தொடக்கத்தில் ஓர் அளவு, இப்போது ஓர் அளவு, இனி என்ன செய்யப் போகிறீர்கள், வைத்தியர் பக்கம் என்ன செய்ய வேண்டியிருக்கிறது. இப்படி இரண்டு மூன்று கடிதம் போனால் அந்த வைத்தியர் அடுத்த தோள் இறுக்கத்தை உங்களுக்கு எழுதுவார். சீனி வருத்தக்காரருக்கு இந்தத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வரும், நம்முடைய ஊர்களில் சீனி இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும், ஆகவே இந்த ஒரு வருத்தமே உங்களுக்கு வருஷம் முழுக்க வேலை தரும்.

கடிதத்தைவிடப் பெரிய நம்பிக்கை ஒன்று உண்டு: தொடக்கூடாத ஆளைத் தொடாமல் திருப்பி அனுப்புவது. நாரி வலி என்று வந்தவர் பேச்சோடு பேச்சாக, இரண்டு நாளாகச் சிறுநீர் போவது தெரியவில்லை, இருக்கிற இடம் மரத்துக் கிடக்கிறது என்று சொன்னால், கட்டிலில் படுக்கவே வைக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள். சத்திர சிகிச்சை முடிந்து வந்தவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதுவும் அப்படித்தான். படித்ததுதான், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அனுப்பும்போது கையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து, பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்து என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிச் செய்கிற பிசியோவின் பெயர் வாட்டில் பேசப்படும்.

வைத்தியரைப் பார்க்கப் போவதென்றால் நோயாளிகள் வரிசை முடிகிற நேரத்தில் போங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். "எல்லா வலியும் பார்ப்பேன்" என்று சொல்லாதீர்கள். "பாரிசவாதம் வந்தவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், பெண்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் தனியறை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பெண் பிசியோ என்பது உங்களுக்குப் பெரிய பலம், ஏனோ கேள்வியில் நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது பக்கம் எத்தனையோ பெண்கள் ஆண் பிசியோவிடம் போக முடியாமல் வலியோடே இருக்கிறார்கள், தமிழ்க் கிராமங்களிலும் அம்மாமார் வெளியில் சொல்லாமல் அதே கதைதான். பிள்ளை பெற்றபிறகு நாரி வலி, தும்மினால் சிறுநீர் கசிவது, இதையெல்லாம் விஓஜியிடம் (மகப்பேற்று, பெண்நோய் விசேட வைத்தியர்) சொல்லவே கூச்சப்படுகிறவர்கள், உங்களிடம் ஒருத்தி வந்து சுகப்பட்டால் தன் தங்கச்சியையும் மச்சாளையும் கூட்டிக்கொண்டு வருவாள். மருதமுனையில் தறியில் இருக்கிற ஆட்களின் தோளும் கழுத்தும் தனிக் கணக்கு.

பார்மசிக்காரரிடமும் ஓட்டோ தரிப்பிடத்திலும் ஒரு பேச்சு வரும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: "ஆளுக்கு எவ்வளவு தருவீங்க?" சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். கமிஷன் நெறிமுறைக்கு ஒத்துவராதது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காசு கொடுத்து வாங்கிய ஆள் உங்களுக்குத் தேவைப்படாத ஆளாகவும் இருப்பார், அடுத்த மாதம் இன்னொருவர் நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். ஓட்டோக்காரருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது வேறு. வாசலுக்கு நேரே நிறுத்த இடம், நோயாளியை இறக்க உதவிக்கு ஒரு கை, திரும்ப எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சரியாகச் சொல்லும் பழக்கம். முக்கால் மணி என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தால் அவர் அடுத்தமுறை வேறு கிளினிக்குக்குத்தான் வழி சொல்வார்.

முன்னறை கீழ்த்தளம்தானே? நல்லது. மாடியில் வாடகை குறைவு என்று போய் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பாரிசவாதக்காரரும் முழங்கால் தேய்ந்த அம்மாவும் அந்தப் படிக்கட்டைப் பார்த்தவுடன் திரும்பிவிடுவார்கள். உங்கள் வாசலில் இரண்டு படி இருந்தாலும் அதற்கு ஒரு சாய்தளம் கட்டுங்கள், பக்கத்தில் பிடித்து நடக்க ஒரு கம்பி. தெருவால் போகிறவன் அந்தச் சாய்தளத்தைப் பார்த்தே இது என்ன இடம் என்று விளங்கிக்கொள்வான்.

போர்டில் என்ன எழுதுவது? பெயர், பட்டம், பதிவு இலக்கம், நேரம், போன் நம்பர், கீழே மூன்று வரி: பாரிசவாதம், தோள் முழங்கால் நாரி வலி, பெண்களுக்குத் தனியறை. "இயன்மருத்துவம்" என்று போட்டு அடியில் "பிசியோதெரபி" என்றும் போடுங்கள், ஆட்கள் கேட்கிற சொல் இரண்டாவதுதான். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போட வேண்டாம். நோயாளிகள் எப்படியும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அது அவர்கள் மரியாதை, ஆனால் போர்டில் இருந்தால் முதலில் முகம் சுளிப்பவர் நீங்கள் கடிதம் எழுதுகிற அதே வைத்தியர்தான். "பூரண குணம்", "100 வீத நிவாரணம்" வகையறாவும் வேண்டாம். வைத்தியர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது மருத்துவ சபையின் நெறிமுறை, அதே சபையில் பெயர் பதிந்தவர் என்ற வகையில் நீங்களும் தகவல் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. போர்ட் வீதிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பிரதேச சபையில் அனுமதி கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு கடதாசி வேலை. தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பதிவு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது, விண்ணப்பம் மாகாண சுகாதாரப் பணிப்பாளர் ஊடாகப் போகும். உங்கள் இடத்துக்கு எந்த வகைப் படிவம் என்று மட்டக்களப்பு பிராந்திய சுகாதாரப் பணிமனையில் கேட்டுக்கொள்ளுங்கள், கல்முனையில் அறை எடுத்தால் அது வேறு பிராந்தியம் என்பதையும் மனதில் வையுங்கள். பதிவுச் சான்றிதழைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் அதுவும் விளம்பரம்தான்.

அடுத்தது போன். நான் பார்த்த அளவில் புதுக் கிளினிக்குகள் ஆட்களை அதிகம் இழப்பது இங்கேதான், ஏனென்றால் கட்டிலில் ஆளை வைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும், எடுக்க மாட்டீர்கள், அந்த மகள் அடுத்த நம்பருக்குப் போய்விடுவாள். வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம், அதில் தானாகப் போகும் பதில் ஒன்றைத் தமிழில் எழுதி வையுங்கள்: "இப்போது ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், 12 மணிக்குள் நானே எடுக்கிறேன். ஆருக்கு, என்ன வருத்தம், எந்த ஊர் என்று வொய்சில் சொல்லி வையுங்கள்." எழுதச் சொல்லாதீர்கள், வொய்ஸ்தான் எல்லாருக்கும் சுகம். இது மெசேஜுக்குத்தான் வேலை செய்யும், சாதாரண அழைப்புக்கு வீட்டில் அம்மாவோ தம்பியோ எடுத்துப் பெயரும் ஊரும் எழுதி வைக்கட்டும். 12 என்று சொன்னால் 12க்கு எடுத்துவிட வேண்டும்.

போன் எடுத்தவுடன் முதல் கேள்வி "எவ்வளவு எடுப்பீங்க?" என்றுதான் இருக்கும். அதற்கு "வாங்க பார்ப்பம்" என்று மழுப்பினால் ஆள் பயந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முதல் நாள் 2,000 ரூபாய் அக்கா, முக்கால் மணித்தியாலம் ஆகும். அதுக்குப் பிறகு ஒருதரம் 1,500. ஐயாவுக்கு எத்தனைதரம் தேவைப்படும் எண்டு முதல் நாளே சொல்லிருவன்." ரூபாய்க் கணக்கு உதாரணத்துக்குச் சொன்னது, உங்கள் கணக்கை நீங்கள் போடுங்கள், வீட்டுக்குப் போவதென்றால் தூரத்தைச் சேர்த்து. முக்கியமானது கடைசி வசனம். பிசியோவுக்கு வருகிறவர் இரண்டாம் மூன்றாம் நாளோடு நின்றுபோவது ஏன் தெரியுமா, இது எத்தனை நாளைக்கு இழுக்கும், மொத்தம் எவ்வளவு காசு போகும் என்று யாரும் சொல்லாததால்தான். "ஆறு தரம் வாங்க, மூன்றாம் நாள் கை இவ்வளவு உயரணும், உயரலன்னா நானே டொக்டருக்கு எழுதி அனுப்புறன்" என்று முதல் நாளே சொன்னால் ஆட்கள் கடைசி வரைக்கும் வருவார்கள். ஆறும் வந்து சுகப்பட்ட ஒரு ஆள் ஊருக்குள் உங்களைப் பற்றிப் பேசுகிற பேச்சுக்கு எந்த விளம்பரமும் கிட்ட வராது. இரண்டு நாள் வந்து நின்றவரும் பேசுவார், "போனன், ஒண்டும் சரிவரல்ல" என்று.

நேரத்தை ஊருக்கு ஏற்ற மாதிரி வைக்க வேண்டும். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை ஆட்கள் பட்டிருப்புப் பாலத்தாலோ, மண்டூர்ப் பக்கமென்றால் குருமண்வெளித் துறையாலோ வர வேண்டும், இருட்டினால் திரும்புவது கஷ்டம், அவர்களுக்குக் காலை நேரத்தை விடுங்கள். உத்தியோகத்தர்களுக்குப் பின்னேரம். முஸ்லிம் ஊர்களில் இருந்து வருகிறவர்களுக்கு வெள்ளி மத்தியானம் திகதி கொடுக்காதீர்கள், நோன்பு மாதத்தில் நேரத்தை அவர்களிடமே கேளுங்கள். வெட்டுக் காலத்தில் படுவான்கரையில் இருந்து ஆள் வராது, வெட்டு முடிந்து நெல் விற்றபிறகு நாரியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒன்றாக வருவார்கள். ஆக மாசி பங்குனியில் ஆள் குறைந்தால் கிளினிக் விழுந்துவிட்டது என்று நினைத்துக் கலங்கி விளம்பரத்துக்குக் காசை அள்ளிக் கொட்ட வேண்டாம், சித்திரைக்குப் பிறகு பாருங்கள்.

காசு கட்டுகிறவர் யார் என்பதும் ஒரு விஷயம். கட்டிலில் இருப்பது ஐயா, காசு அனுப்புவது கட்டாரில் இருக்கிற மகன் அல்லது லண்டனில் இருக்கிற மகள். அவர்களுக்கு அங்கே இருந்துகொண்டு ஒன்றும் தெரியாது, "பிசியோ வாறாவா, என்ன செய்றா" என்று அம்மாவிடம் கேட்டால் அம்மா "என்னவோ கையக்கால ஆட்டுறா" என்பார். ஐயாவிடமும் வீட்டாரிடமும் சம்மதம் கேட்டு, வாரத்துக்கு ஒருநாள் அரை நிமிட வீடியோ ஒன்றை அந்த மகனுக்கு மட்டும் அனுப்புங்கள்: போன வாரம் பிடித்துக்கொண்டு நின்றார், இந்த வாரம் நான்கு அடி வைத்தார் என்று. அடுத்த மாதத்துக் காசு கேட்காமலே வரும், அவருடைய கூட்டாளியின் அப்பாவுக்கும் ஒருநாள் உங்களைச் சொல்வார். ஆனால் அந்த வீடியோ அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பேஸ்புக்கில் போட்டால் பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள் என்று ஆசை வரும், வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் விசேட வகைக்குள் வருகிறது. சட்டத்தை விடுங்கள், நேற்றுவரைக்கும் வட்டவிதானையாக (வயல் தண்ணீர்ப் பொறுப்பாளர்) ஊரை அதட்டிக்கொண்டு திரிந்த மனிதர் வாய் கோணி உட்கார்ந்திருப்பதை ஊர் முழுக்கப் பார்த்தால் அந்த வீட்டு வாசலை நீங்கள் திரும்ப மிதிக்க முடியாது.

பரியாரிமார் விஷயத்தைக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் களுவாஞ்சிக்குடியில் உங்கள் முதல் போட்டி இன்னொரு பிசியோ அல்ல, எண்ணெய் போட்டு உருவுகிறவர்தான். உங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கனவே அங்கே போய் வந்திருப்பார்கள். ஏசினால் அடுத்தவர் மறைப்பார், மறைத்தால் நெரிந்த எலும்பை யார் எப்படி இழுத்துக் கட்டினார் என்பது தெரியாமல் நீங்கள் கை வைக்க வேண்டிவரும். சாதாரணமாகக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், ஆபத்தானதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். முறிவுக்குக் கட்டுப் போடுகிற பரியாரியார் நல்ல மனிதராக இருந்தால் ஒருநாள் போய்க் கதைத்தும் பாருங்கள். கட்டு அவிழ்த்தபிறகு இறுகிப்போன முழங்கையை என்ன செய்வதென்று அவருக்கும் ஒரு ஆள் தேவை. படம் எடுத்துப் பார்க்காத முறிவைத் தொட மாட்டேன் என்பதை மட்டும் அவரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சரி, இணையத்துக்கு வருவோம். முதலில் கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதியுங்கள், அதற்குக் காசு இல்லை, இடம் உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தும் வேலை மட்டும் கொஞ்சம் இழுக்கும். பெயரைத் தமிழிலும் இங்கிலிஷிலும் கொடுங்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் தேடுவது இங்கிலிஷ் எழுத்தில்தான், ஊர் பெயரையும் சேர்த்துத்தான் தேடுவார்கள். வாசலின் படம், சாய்தளத்தின் படம், உள்ளே கட்டிலும் திரையும் இருக்கிற படம். சுகப்பட்டவர்களிடம் விருப்பமென்றால் ஒரு வரி எழுதச் சொல்லலாம், அதற்காகக் கட்டணத்தில் குறைத்துக் கொடுக்கக் கூடாது, கூகுளே அதைத் தடை செய்திருக்கிறது. அம்பாறை டவுன் பக்கமிருந்தும் ஆள் வர வேண்டுமென்றால் ஒரு வரி சிங்களத்திலும் போடுங்கள்.

பேஸ்புக்கில் கிளினிக் பெயரில் ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் "எங்களிடம் வாருங்கள்" என்று நாள்தோறும் போஸ்டர் போடுவதால் ஒன்றும் ஆகாது. மகளுக்கு இன்றைக்கே பயன்படுகிற விஷயத்தை ஒரு நிமிட வீடியோவாகப் போடுங்கள். உதாரணத்துக்கு, பாரிசவாதம் வந்தவரை எழுப்பும்போது நம்முடைய ஆட்கள் எல்லாரும் விழுந்த கையைப் பிடித்து இழுத்துத்தான் தூக்குவார்கள். அந்தத் தோளைப் பிடித்து வைக்கத் தசையில் பலம் இல்லை, இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி. தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்து எப்படித் திருப்பி எழுப்புவது என்று உங்கள் தம்பியைக் கட்டிலில் படுக்க வைத்துச் செய்து காட்டுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, முழங்கால் தேய்ந்த அம்மா கோயிலில் எப்படி இருந்து எழும்புவது, இப்படி ஒன்றொன்றாக. மட்டக்களப்புப் பேச்சிலேயே பேசுங்கள், மேடைத் தமிழ் வேண்டாம். இதில் எது அதிகம் பகிரப்படுகிறதோ, அந்த ஒன்றுக்கு மட்டும் மூன்றாம் மாதம் அந்தப் பத்தாயிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, களுவாஞ்சிக்குடியைச் சுற்றிய ஊர்களுக்கு மட்டும் காட்டும்படி வையுங்கள். இடத்தைக் குறுக்காமல் விட்டால் கொழும்பிலிருந்தும் எங்கிருந்தோவும் லைக் வரும், கட்டில் காலியாகவே இருக்கும். "முன்பு இப்படி, இப்போது இப்படி" என்று இரண்டு படம் சேர்த்துப் போடும் விளம்பரத்துக்குப் பேஸ்புக்கிலேயே கட்டுப்பாடு உண்டு, அந்த யோசனையை விட்டுவிடுங்கள். வட்ஸ்அப்பில் மொத்தமாக அனுப்புகிற செய்தி உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும், அதனால் ஒவ்வொரு நோயாளியும் முதல் நாளே உங்கள் முன்னால் நம்பரைச் சேமிக்கட்டும்.

ஊருக்குள் பேசுவதற்கு நாள்கள் தயாராகவே இருக்கின்றன. செப்டம்பர் 8 உலக பிசியோதெரபி தினம், ஒக்டோபர் 29 பாரிசவாத தினம், நவம்பர் 14 நீரிழிவு தினம். பிரதேச செயலகத்தில் முதியோர் சங்கங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைப் பிடித்தால் எந்த ஊரில் எப்போது கூட்டம் என்று சொல்வார், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அப்படித்தான். கோயில் மண்டபம் என்றால் கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம், முஸ்லிம் ஊரென்றால் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். இருபது நிமிடம் பேசி, நாலு பேரை எழுப்பிச் செய்ய வைத்துவிட்டு வாருங்கள். இலவச முகாம் என்று சொல்லி ஐம்பது பேருக்கு மெஷின் வைத்து அனுப்புகிறார்களே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருவரையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது, அடுத்த மாதம் காசு கேட்டால் "அண்டைக்குச் சும்மா செய்தீங்கதானே" என்பார்கள்.

50,000க்கு என் கணக்கு இப்படிப் போகிறது. பாதி சாய்தளத்துக்கும் போர்டுக்கும். மிச்சத்தில் பத்தாயிரம் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பேஸ்புக்குக்கு. இன்னொரு பங்கு கடிதத் தாள், வீட்டுப் பயிற்சியைப் படத்தோடு அச்சடித்த தாள் (உங்கள் நம்பர் அடியில் இருக்கட்டும், அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டு வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள்). மீதியை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற முதல் இரண்டு மாதத்துப் பெற்றோலுக்கு வையுங்கள், ஆரம்பத்தில் வேலை வரப்போவது அந்த வழியால்தான்.

கல்முனைச் சனிக்கிழமை அறையை எடுக்கலாம், உடனே வேண்டாம், உங்கள் காலை நேரங்கள் ஓரளவுக்கு நிரம்பட்டும். கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று இரண்டு பெரிய ஆஸ்பத்திரி, அதைச் சுற்றி சனல் பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட்மார், ஆகவே ஆள் இருக்கிறது. ஆனால் ஒப்புக்கொள்ள முதல் மூன்று விஷயம் கேளுங்கள்: பெண்களுக்குக் கதவு பூட்டக்கூடிய அறையா அல்லது திரை மட்டும்தானா, நோயாளியின் பதிவுப் புத்தகம் யாரிடம் இருக்கும், அங்கே பார்த்தவரைக் களுவாஞ்சிக்குடிக்கு வரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அறைக்கு மாத வாடகையா, பார்க்கிற ஆளுக்கு இவ்வளவா என்று கேட்டால், முதல் ஆறு மாதத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்பதையே எழுத்தில் எடுங்கள், ஆள் வராத சனிக்கிழமைக்குக் காசு கட்டத் தேவையில்லை.